சதை புடிக்கிற மாத்தர

கைராசி டாக்டருன்னு பெரம்பலூரு வரைக்கும் பேருதான் பெருசு... ஒண்ணுமில்லக்கா, எல்லாம் சும்மா! நீங்களும் இளுப்புக்குத்தான் வந்தீங்களா? இருமலா... செரி செரி, உக்காருங்க. டாக்டரு இன்னும் டீயே குடிச்சு முடிக்கல.

இந்தா, இவருதான் எங்கூட்டுக்காரரு, பிச்சமுத்து. நீங்க பேரு கேட்டாலும் சொல்லமாட்டாரு, மூச்சு வாங்குது. முந்திரிக்கொட்ட சுடுற எடத்துல நிக்காதய்யான்னா கேக்குறாரா? பொகை நேரா நெஞ்சுல போயி உக்காந்துக்குது. போன தையிலயும் இப்புடித்தான் இளுத்துச்சு. அப்ப இந்த டாக்டரு ஒரு மாத்தர குடுத்தாருக்கா, குட்டியூண்டு, வெள்ளையா... அடேயப்பா! மறுநாளே எந்திரிச்சு நடக்குறாரு. பசின்னா பசி, அப்புடியொரு பசி! ஆக்கி எறக்குறதுக்குள்ள பானை காலி. கன்னமெல்லாம் உப்பி, புதுமாப்ளையாட்டம் ஆயிட்டாரேன்னு ஊரே கேலி பண்ணுச்சு.

அதே மாத்தரதான் இப்பவும் குடுத்தாரு. தீர்ற வரைக்கும் முழுங்கணும், நடுவுல நிறுத்தக் கூடாது, கொறைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாரு. என்னா புண்ணியம்? படுக்க முடியாம, தலவாணிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே கெடக்காருக்கா.

இந்த லட்சணத்துல எம்பொண்ணு மலர்க்கொடிய பொண்ணு பாக்க செந்துறையிலேருந்து வந்தாங்க. மின்ன வந்தவங்க, பொண்ணு குச்சியாட்டம் இருக்குன்னு தட்டிவுட்டுட்டுப் போயிட்டாங்க. பெத்தவ சும்மா இருப்பேனா? ஆனா அதுவும் கூத்தாப் போச்சுக்கா! வந்தவங்களுக்குக் கிண்டுன கேசரிய, அடுப்படியில நின்னுக்கிட்டே பாதிய வழிச்சுட்டா. தட்டுல வச்ச பஜ்ஜிய வேற, அவங்க பாக்கப் பாக்கத் திங்குறா! பசிக்குதும்மாங்குறா. அவங்க சொல்லியனுப்புறோம்னு போனவங்கதான். அவ கன்னமாவது உப்புச்சா? அதுவும் இல்ல. நானும் பால்ல கரைச்சுக் கரைச்சுக் குடுத்ததுதான் மிச்சம்...

என்னாத்தக் கரைச்சேனா? அது... அதான்க்கா, இவரு மாத்தரதான். இவருக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு... செரி, அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான்.

ஏங்க்கா, எங்க எந்திரிக்கிறீங்க? டாக்டரு கிட்டயா? இருங்க, இருங்க, நானே சொல்லிடுறேன்!

யோவ், நீ ஏன்யா இப்புடி மொறைக்கிற? கேட்டுக்கிட்டா இருந்த? பேசாத, பேசாத, இன்னும் இளுக்கும். வையணும், அதான? வையி, நாள் முழுக்க வையி, வாயே தெறக்கமாட்டேன். மொதல்ல ஒனக்கு மூச்சு வரட்டும்யா.