வெர்லன் கேட்ஸின் வரி எண்

என் பெயர் லோர்னா பெட்டிகுரூ. வயது 58. மேய்ன் மாநிலம் லூபெக்கில் வசிக்கிறேன். மெரில் ஹக்கின்ஸின் சிப்பிக் கிடங்கில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். இதை யார் வற்புறுத்தலும் இன்றிச் சொல்கிறேன்.

கடலில் மூழ்கி எங்களுக்குச் சிப்பி எடுத்துத் தருபவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. அவர்களே வரி கட்டிக்கொள்வார்கள். போன வருடம் அக்டோபரில், வெர்லன் கேட்ஸின் பெயரும் வரி எண்ணும் பொருந்தவில்லை என்று வரித்துறைக் கடிதம் வந்தது. சரியான எண் வரும்வரை அவருக்குத் தரும் நூறு டாலருக்கு இருபத்துநான்கு பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வெர்லனை அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என் நம்பர் எனக்கே சொந்தமில்லையா? அப்ப அது யாரோடதோ, அந்த ஆளையே வரி கட்டச் சொல்லு லோர்னா."

அன்றே புதிய படிவத்தில் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை நான் மெரிலிடம் காட்டியபோது, "அவசரமில்ல. பிடிச்சுக்கிட்டே இரு" என்றார். பிடித்தேன். அந்தப் பணம் மெரிலின் படகு இன்ஜினுக்குப் போனது. அதன் பிறகு ஜனவரியில், சம்பளமல்லாத தொகைகளில் பிடித்த வரிக்கான ஆண்டுப் படிவத்தில், பிடித்தது எதுவுமில்லை என்று பூஜ்யம் போட்டேன். மெரில் கையெழுத்திட்டார்.

இந்த வருடம் பிப்ரவரி முதல் வாரம் வெர்லன் முக்குளிக்கும் உடையோடு வந்து என் மேசை முன் நின்றார்.

"தண்ணிக்குள்ள மூச்சு விடுற காத்து வால்வு சரியில்ல. சரிபண்ண அறுநூறு கேக்குறான். பிடிச்சு வச்ச என் காசுல கொஞ்சம் விடேன்."

"என் கையில இல்ல, வெர்லன்" என்றேன்.

ஒன்பதாம் தேதி அவரைக் கடலிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். வால்வு பழுது என்று கடலோரக் காவல்படை சொன்னது. பணம் கேட்டு வந்த அன்று அவர் நின்ற இடம் நனைந்திருந்தது. இப்போதும் காலையில் கதவைத் திறந்ததும் அதைத் துடைக்கிறேன். ஈரம் இருப்பதில்லை.

அதன் பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தந்ததும் அக்டோபரில் தந்ததுமான இரண்டு படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். கணினியில் மட்டும் நாலும் ஏழும் இடம் மாறியிருந்தன. தட்டச்சு செய்தது நான். கடிதம் வந்த அன்றே ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அடக்கத்தில் அவர் மனைவி ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல அவருக்கு ரொம்ப நம்பிக்கை" என்றார். இந்த விசாரணை அறையில்தான் இதை முதல் முறையாகச் சொல்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற ஏதுமில்லை.

(ஒப்பம்) லோர்னா பெட்டிகுரூ