இருமுறை தட்டிய விரல்

இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் நிறுத்துவதற்கென்றே மேசைமீது மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! திரைகளை ஆக்கிவிட்டுத் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடும் தோழர்களே, தோழியரே! பிள்ளைகள் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார்கள் என்று இன்றாவது தெரிந்துகொள்ள வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கைகளை மடிக்குள் ஒளித்து வைத்திருக்கும் என் அண்ணனே! அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

இன்று விருது பெறும் எங்கள் மென்பொருள் சோதனையாளரை நாங்கள் 'தட்டிப்பாரு' என்றுதான் கூப்பிடுவோம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவளும் சிரிக்கிறாள்.

மருத்துவமனைக் கட்டிலருகே வைக்கும் சிறிய திரை ஒன்றை எங்கள் குழு செய்தது. அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் செவிலியரை அழைக்கும். மறுபடி அழுத்தினால் அழைப்பை நிறுத்தும். பொத்தானின் வயிற்றுக்குள் 'அழைக்கிறேன், அழைக்கவில்லை' என்று மாறும் குறி ஒன்று உண்டு. அந்தக் குறி ஒழுங்காக மாறுகிறதா என்று எட்டிப்பார்க்கும் சோதனைகள் எங்களிடம் இருந்தன. எல்லாம் தேறின. தேறியதற்கு அடையாளமாகக் கணினி முழுவதும் பச்சைப் புள்ளிகள்!

அந்த வாரம் வீட்டுச் சாவி வாங்க என் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்குக் கை நடுங்கும். திரும்பிப் போகையில் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். டக், டக். ஒருமுறை அழுத்த நினைத்த விரல், இருமுறை தட்டியது. பக்கத்தில் நின்ற தட்டிப்பாரு லிஃப்டில் ஏறவில்லை. ஓடி வந்தாள், நிரல் எழுதும் 'பச்சைவிளக்கு' அண்ணனிடம்.

"அண்ணே, நம்ம பொத்தானை ரெண்டு தடவை அழுத்தினா என்னாகும்?"

"நின்னுடும். அப்படித்தானே ஆஸ்பத்திரியில கேட்டாங்க? எல்லாம் பச்சைம்மா, கிளறாதே."

"கை நடுங்குறவங்க ஒரு தடவைதான் அழுத்துவாங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"உள்ள குறி சரியா மாறுதும்மா!"

"குறியை நீங்களே வச்சுக்குங்க. நர்ஸ் வருவாங்களா, மாட்டாங்களா?"

பச்சைவிளக்கு எழுந்தார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

அவையோரே! கட்டிலில் கிடப்பவருக்குப் பொத்தானின் வயிறு தெரியுமா? குறி தெரியுமா? நிரல் தெரியுமா? அவருக்குத் தெரிவது தொடும் இடம்! அவருக்குத் தெரிவது ஒளிரும் எழுத்து! அவருக்குத் தெரிவது ஓடிவரும் காலடி! தட்டிப்பாரு எழுதிய சோதனைகளும் அந்த வாசல் வழியாகவே போயின. அழுத்து, அழைப்பு வெளியே போனதா பார். உடனே மறுபடி அழுத்து. அழைப்பு நிற்காமல் இருக்கிறதா பார். பார்த்தோம். கணினித் திரை சிவந்தது, சோதனை தேறவில்லை! அதன்பின் மாற்றினோம். எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் அழைப்பு. அதை நிறுத்துவது செவிலியர் கையில்.

பிறகு பச்சைவிளக்கு பொத்தானின் உள்நிரலை முழுவதும் மாற்றி எழுதினார். எட்டிப்பார்த்த சோதனைகள் அத்தனையும் உடைந்து விழுந்தன. பொத்தானோ நன்றாகவே வேலை செய்தது! வெளியிலிருந்து கேட்ட அவள் சோதனைகளில் ஒன்றுகூட அசையவில்லை. அவரே இதைச் சொல்லச் சொன்னார், அதோ, தலையாட்டுகிறார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். நன்றி.

சில மாதம் கழித்து, எங்கள் திரை வைத்த மருத்துவமனையில் என் அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் இல்லை; மூச்சுக்கு ஒரு குழாய். நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அந்தக் குழாய் சளியால் அடைத்துக்கொண்டது. நான் வாசலுக்குத் திரும்பியபோது, நீலம் பாய்ந்த உதடும், திரையை நோக்கி நீண்ட விரலும் கண்ணில் பட்டன. டக், டக். கூப்பிட நான் வாய் திறந்தேன். அதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு செவிலியர் உள்ளே ஓடினார். "வந்துட்டேன் ஐயா, வந்துட்டேன்!"

அந்தக் காலடிச் சத்தத்துக்கு நான் எந்த மொழியில் நன்றி சொல்வேன்?

இதோ, தலைவர் மணியடித்துவிட்டார். மறுபடியும் அடிக்கிறார்! ஐயா, ஒருமுறை அடித்தாலும் நிறுத்துவேன், இருமுறை அடித்தாலும் நிறுத்துவேன். மறுபடி தொடங்கிவிட மாட்டேன். தட்டிப்பாரு என்னையும் சோதித்துத்தான் மேடையேற்றினாள்.

அண்ணா, மடியிலிருந்து கையை எடு. அவளுக்காகத் தட்டு. நடுங்கினால் நடுங்கட்டும். அந்தப் பொத்தான் எத்தனை தட்டலையும் ஒன்றாகத்தான் எண்ணும். இந்த அவை ஒவ்வொன்றையும் எண்ணும். அவளுக்கு நன்றி, உங்களுக்கு வணக்கம்.