முப்பத்தோராம் நாள் சாப்பாடு

கோலியர்ஸ் வுட்டில் பஸ் நின்றபோது, முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "நெருப்பணைக்கப் போய் நான் செத்தா, செத்தவீட்டுச் செலவை அவையே பாப்பினமாம்."

வீட்டில் புகை அலாரம் அடித்தால் முதலில் வெளியே ஓடுகிற நான், காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவருடைய கடை இருக்கும் சின்ன ஊரில் தொண்டர் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவர் மடியில் விண்ணப்பப் படிவம் இருந்தது. மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

"செத்து முப்பத்தோராம் நாள் சனத்துக்குக் குடுக்கிற சாப்பாட்டுக்கும் தருவினமோ?"

"அதையும் ஒபிசரிட்டைக் கேட்டனான். எத்தனை பேர் வருவினம் எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"குறைச்சுத்தான் சொன்னன். நானூறு பேர்."

"அதுக்கு?"

"அப்ப உங்களைச் சாகவே விடமாட்டம் எண்டார்."

மனைவி கைப்பைக்குள் பேனையைத் தேடி எடுத்து நீட்டினார்.

"நல்ல மனுசன். சேருங்கோ."