லேபர் டேயில் பூட்டிய கந்தோர்

எங்கள் தோட்டத்தை நடத்தும் தொரை தொழிலாளர் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர். வாரம் ஒரு பின்னேரம், லேபர் டே அன்று, அவர் தோட்டத்து ஆபீஸான கந்தோரில் உட்கார்ந்து எங்கள் குறைகளைக் கேட்க வேண்டும். நேற்றும் கந்தோர் பூட்டித்தான் கிடந்தது.

இன்று தெஹியோவிட்ட பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“அசோக ராஜா சோறு திங்கிறப்ப கூட அவரு ஆளுங்க போயி சனங்க கொறைய சொல்லலாமாம் அக்கா. மக வரலாறு பாடம் படிச்சிக்கிட்டு இருந்தா.”

“திங்கிறப்பவா? நம்ம தொரை திங்கிறப்ப நாய் கூட கொலைக்கக் கூடாது.”

“கல்லுலயே எழுதி வச்சிருக்காராம்.”

“அப்ப நெலமெல்லாம் யாருது?”

“ராஜாவோடதுதானாம். வெளஞ்சதுல பங்கு எடுத்துக்குவாராம்.”

“அது மட்டும் இன்னும் மாறல, பாத்தியா.”

இளையவள் ஜன்னலுக்கு வெளியே மழையைக் காட்டினாள்.

“எங்க காம்பரா பின்செவுரு வெடிச்சி கை நொழையுது அக்கா. மேட்டுலேருந்து மண்ணு எறங்குது. ஒவ்வொரு லேபர் டேக்கும் போயி நிக்கிறேன். கிளாக்கரு அடுத்த கெழம வாங்கன்னு சொல்றாரு.”

“புள்ளைங்க எங்க படுக்குதுங்க?”

“மழ பேஞ்சா கோயில்ல.”



தொரை இதற்குக் கந்தோருக்குள் பதில் சொல்ல வேண்டாம். நாளைக் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், நாங்கள் எல்லோரும் நிற்கும்போது சொல்லட்டும். அந்தச் சுவரை எப்போது வந்து பார்ப்பார்?