கடலோடு போனவர்

றஞ்சிதம்: ஒரு நிமிசம் நில்லுங்கோ, சேர்... உடுப்பு மாத்துறன்... இந்தா, வந்திட்டன்...

தாஸிம்: தட்டித் தட்டிக் கை நோகுது, தங்கச்சி! வீட்டுத்திட்ட ஒபிஸ்ல இருந்து தாஸிம். கீழ் மூணு மாடியும் பாத்து முடிச்சிட்டேன். இதுதான் கடைசி வீடு.

றஞ்சிதம்: வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி...

தாஸிம்: வாணாம். நெத்தியில என்ன ஈரம்?

றஞ்சிதம்: வேர்வை, சேர்.

தாஸிம்: வேர்வை செவப்பாவா வரும்? பொட்ட இப்பத்தான் அழிச்சிருக்கீங்க.

றஞ்சிதம்: நீங்கள் வந்த அலுவலைப் பாருங்கோ, சேர்.

தாஸிம்: சரி, பைலப் பாப்பம். வெள்ளவத்தை, ரெயில் ரோட்டோரம் பலகை வீடு. சுனாமியில போச்சு. புருசன் சவுந்தரநாயகத்தையும் கடல் கொண்டுபோச்சு. சரியா?

றஞ்சிதம்: ஓம்.

தாஸிம்: மையத்து கிடைக்கல்ல?

றஞ்சிதம்: உடம்பு கிடைக்கேல்லை.

தாஸிம்: அதால விதவை லிஸ்ட்ல மொதல் வீடு. புருசன் உள்ள குடும்பமெல்லாம் ஒண்டரை வருசமா இன்னும் கேம்ப்ல. ம்... தண்ணி இந்த மாடிக்கு ஏறுதா?

றஞ்சிதம்: காலமை ஒரு மணித்தியாலம். மிச்சமெல்லாம் கீழ இருந்து வாளியிலதான்.

தாஸிம்: இந்த அலுமாரிய மேல தூக்கினது யாரு?

றஞ்சிதம்: நான்தான்.

தாஸிம்: தனியாவா! சுனாமியே இவ்வளவு பாரம் தூக்கல்லியே!

றஞ்சிதம்: பகிடி விடாதேங்கோ, சேர்.

தாஸிம்: பைப்படியில ஷேவ் எடுக்கிற பிரஷ்... ஈரமா இரிக்கி?

றஞ்சிதம்: அது... அடுப்புக் கல்லுத் துடைக்கிறது.

தாஸிம்: சோப்பு நுரையோடயா? குடுத்து வச்ச அடுப்பு! பொய்யெண்டு நான் எழுதினா நாளைக்கே இந்த வீட்டுக்குப் பூட்டு. தெரியுமா?

றஞ்சிதம்: தெரியும்... பிள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடம் போட்டுதுகள், சேர். திரும்பி வாறதுகளுக்கு வீடொண்டு வேணும்.

தாஸிம்: அதுக்காக உசிரோட இரிக்கிற மனுசனச் சாகடிச்சீங்களா?

றஞ்சிதம்: வீட்டுக்காக இல்லை! சத்தியமா இல்லை. உண்மையைச் சொல்லிப்போடுறன், சேர்... அவர்...

தாஸிம்: ஸ்ஸ்! ஒண்டும் சொல்ல வாணாம். இந்தாங்க பேனை, இதில ஒப்பம் வைங்க. "கணவர் கடலில் இறந்தார், வீடு உறுதி செய்யப்படுகிறது" எண்டு எழுதிட்டேன்.

றஞ்சிதம்: எல்லாத்தையும் கண்டுபோட்டு... ஏன் சேர்?

தாஸிம்: நேத்து ஆளத் தூக்கிட்டுப் போற வெள்ளை வேன்ல நாலு பேர் ஒபிஸுக்கு வந்தாங்க, சவுந்தரநாயகத்தத் தேடி. இந்தப் பைலக் காட்டித்தான், ஆள் கடலில மௌத்தாகி ஒண்டரை வருசமெண்டு சொல்லி அனுப்பினேன்.