வரதராஜன்பேட்டைக் கேசட்டுக்கு நான் போட்ட மார்க்

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். ஒரு பக்கமாகத் தேய்ந்து முனகுகிறது. என் காதுக்கு ஆகாது. திருச்சியில் எவனாவது வீணைக்குத் தப்பாகச் சுருதி கூட்டினால் அரியலூரில் எனக்குத் தும்மல் வரும். முப்பது வருஷம் கரண்டு வேலை பார்த்து ரிட்டையரானவன் என்றாலும் ஊருக்கு என் காதுதான் பெரிசு.

அதனால்தான் திருவிழாவுக்கு எந்தப் பாட்டுக் குழுவைக் கூப்பிடுவது என்பதை என்னிடம் விட்டிருந்தார்கள். குழுக்கள் தங்கள் கச்சேரியை மேடையிலேயே பதிந்து கேசட்டாகக் கொடுப்பார்கள். நான் கேட்டு நூற்றுக்கு மார்க் போடுவேன்.

எண்பத்து நாலில், கீழப்பழுவூர்த் திருவிழாவுக்காக வரதராஜன்பேட்டை ராக் குழுவின் கேசட் வந்தது. மாதா கோயில் மைதானத்தில் பதிந்தது. பாடியவன் ஞானப்பிரகாசம்; கிட்டாரும் அவனே. பொய் சொல்ல மாட்டேன், அவன் குரல் எழும்பியபோது என் வீட்டுப் பித்தளைப் பாத்திரமெல்லாம் எழுந்து நின்றது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மைக்கில் பேசியிருந்தான். "அரியலூர்ல ஒரு பெருசு இருக்காருங்க. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு மார்க் போடுவாரு. அவருக்கும் கேக்கட்டும், நல்லா கை தட்டுங்க."

ஜனம் சிரித்தது. அந்தச் சிரிப்பை மட்டும் நானூறு தடவை திருப்பிக் கேட்டேன். டேப் தேய்ந்து சிரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது.

அப்படிக் கேட்டதில் இன்னொன்றும் கிடைத்தது. அவன் உதடு மைக்கில் பட்ட இடமெல்லாம் 'சட்' என்று ஒரு சின்னச் சத்தம். உடனே 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்வான். ஜனம் அதை ஸ்டைல் என்று விசிலடித்தது. மைக்கில் கரண்டு கசிகிறது என்று எனக்குத் தெரிந்தது. கேசட் அட்டைப் படத்தில் ரப்பர் ஷூ போட்டிருந்தான். அதுதான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

தொண்ணூற்றெட்டு போட்டேன். நன்றி சொல்ல வந்தான்.

"மேடையில தமாசுக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க சார். அப்புறம், மைக்கு லேசா கடிக்குதுங்க. செட்டை மாத்திடலாமா?"

"மாத்தினா அந்த சவுண்டு வருமா தம்பி? கேசட்ல இருக்கற மாதிரியே வேணும்னுதான் கமிட்டி கேக்குது. ஒரு ஒயரைக்கூடத் தொடாத."

தலையாட்டினான். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

கமிட்டித் தலைவர் அய்யாக்கண்ணுவிடம் இரண்டு விஷயம் ஞாபகப்படுத்தினேன். சாமிக்கு எதிரே யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு மேடையேறக் கூடாது. மண்மேடை, ஆட்டத்தில் தூசி பறக்கும், நன்றாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றார். இரண்டுமே ஊர் வழக்கம்தான். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தார்கள். முதல் வரிக்கே உதட்டை மைக்கில் வைத்தான். 'ஸ்ஸ்' வரவில்லை. உடம்பு மட்டும் துடித்தது. ஜனம் விசிலடித்தது. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன். விசில் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியதும் நான்தான் சுவிட்சை அணைத்தேன். அதற்குள் இறந்துபோயிருந்தான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கும் பேட்டரி ரெக்கார்டரில் கேசட் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. வாங்கிக் கேட்டேன். தொண்ணூற்றொன்பது. ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் அவன் அம்மா அற்புதம்மாள். குறுக்கே கத்தி ரெக்கார்டிங்கைக் கெடுத்துவிட்டாள். மற்றபடி எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் கிடையாது.