ரெண்டு கார்டு, ரெண்டு கேட்வே

ஹலோ... ம், டெல்சிதான் பேசுறேன்... யாரு?... எந்த பூபதி?... ஓ, ஓசூர் பூபதி சாரா! நம்பர அழிச்சுட்டேன் சார், அதான் பேரு வரல.

இல்ல, இல்ல, சொல்லுங்க. இப்ப கிருஷ்ணகிரில மாங்கூழ் கம்பெனில இருக்கேன். சாப்பாட்டு நேரந்தான்... இந்த 'அம்மா, தாயி' எல்லாம் எதுக்கு சார் புதுசா? அன்னிக்கி எம்.டி. முன்னால 'அந்தப் பொண்ணு'ன்னுதான சொன்னீங்க? அதே இருக்கட்டும்.

ம்... ம்... ஆமா... இன்வாய்ஸ் போகலையா?... லோடு ஏத்துன லாரி எல்லாம் கேட்லயே நிக்குதா? ஐயய்யோ... அங்க கஸ்டமர் கம்பெனில உற்பத்தியே நின்னுடுமா?... உங்க வேலைக்கே ஆபத்தா? அட, அத முதல்ல சொல்றதில்லயா!

இருங்க. என்ன சார் சத்தம் அது? குக்கர் விசிலா?... கேன்டீனா? சர்வர் ரூம் வரைக்குமா கேக்குது? நான் அங்க வேல பாத்தப்ப ஒரு நாளும் கேட்டதில்லயே. சரி, விடுங்க.

சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்கு. ஒண்ணுல கம்பெனிக்குன்னே தனியா எடுத்த லீஸ்டு லைன், இன்னொண்ணுல சாதா பிராட்பேண்டு. ரெண்டுலயும் கேட்வே குடுத்திருக்கீங்களா?... சுத்தி வளைக்காதீங்க, ஆமாவா, இல்லயா?... ஹா! மறுபடியுமா! சார், வெளிய போற வழின்னு அதுக்கு ஒண்ணுதான் காட்டணும். ரெண்டு காட்டுனா எதுல போகும்னு சொல்ல முடியாது. கஸ்டமர்காரன் நம்ம லீஸ்டு லைன்ல இருந்து வந்தாதான் இன்வாய்ஸ வாங்குவான். பிராட்பேண்டு வழியா போனா 'யாரு நீ'ன்னு திருப்பி அனுப்பிடுவான்.

தெரியாம என்ன? போன வருஷமும் இதேதான ஆச்சு? 'வேணாம் சார்'னேன். 'ரெண்டுலயும் போடு, ஸ்பீடா போகும், வந்தா நான் பாத்துக்கறேன்'னீங்க. போட்டேன். எல்லாம் நின்னுச்சு. 'என்னக் கேக்காமயே பண்ணிட்டா'ன்னு கைய விரிச்சீங்க... பழசா? உங்களுக்குப் பழசு சார். வேலைய விட்டு அனுப்புன அன்னிக்கி என் பைய கேட்ல கொட்டிப் பாத்தாங்க. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஏற வந்தவங்க அத்தன பேரும் நின்னு வேடிக்க பாத்தாங்க. டிபன் பாக்ஸத் தொறந்து, மிச்ச சோத்தக் கிளறிப் பாத்தான் சார் செக்யூரிட்டி, பென்டிரைவ் வெச்சிருக்கேனான்னு! நீங்க ஆபீஸ் ஜன்னல்ல நின்னு டீ குடிச்சீங்க. நான் பாத்தேன்.

சரி, சரி... அழுவாதீங்க. சொல்றேன்னுதான சொல்றேன். ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லுங்க. சர்வர் முன்னாலதான உக்காந்திருக்கீங்க?... வெளிய எங்கயாச்சும் இருந்து கனெக்ட் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடுங்க, அதுக்கு செய்யற முறையே வேற... உள்ளதானா?... நிச்சயமா?... ஓ, உள்ள தாப்பா போட்டுக்கிட்டா? எம்.டி.கிட்டயும் சொல்லிட்டீங்களா, யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு? ரொம்ப நல்லது. திரும்பக் கேக்கறேன், உள்ளதான?... கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்ல.

அப்ப நெட்வொர்க் செட்டிங் ஃபைலத் தொறங்க. ரெண்டு கேட்வேயையும் அழிங்க... ஆமா, ரெண்டையுந்தான். சுத்தமா காலி பண்ணிட்டு, அப்புறம் லீஸ்டு லைனுக்கு மட்டும் ஏத்திக்கலாம். சர்வர் முன்னால இருக்கறவங்களுக்கு ஒரு நிமிஷ வேல... சேவ் பண்ணிட்டீங்களா? நெட்வொர்க்க ரீஸ்டார்ட் பண்ணுங்க... என்ன யோசன? தட்டுங்க.

...என்னாச்சு?... ஸ்கிரீன் அசையலயா? அதெப்படி? முன்னால உக்காந்திருந்தா அசையாம நிக்காதே... என்னது, வீடா? பொம்மனஹள்ளி வீட்டுலயா இருக்கீங்க? பிராட்பேண்டு வழியா உள்ள வந்தீங்களா? ஐயோ சார், அந்த வழியத்தான இப்ப உங்க கையாலயே அடச்சீங்க!

கேட்டேனா, இல்லயா? எத்தன தடவ கேட்டேன்?... ஆமா, குக்கர் விசில் வந்தப்பவே தெரியும். ஆமா, சந்தோஷமாத்தான் இருக்கு, வயிறு குளுந்து போச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

இனிமே கிளம்பி அத்திப்பள்ளி பார்டர் நெரிசலத் தாண்டி ஓசூருக்கு எப்ப வரப் போறீங்க? யாராச்சும் ஒருத்தர் உள்ள போய் உக்காரணும்... எம்.டி.யா? இப்பவே லைன்ல வர்றாரா? என்னயும் சேத்து விடுங்க, என்ன பண்ணணும்னு நானே சொல்றேன்... நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்.

வணக்கம் அசோக்குமார் சார், டெல்சி... நல்லா இருக்கேன் சார்... பூபதி சாரே சொல்லட்டும், நான் கேக்கறேன்...

...என்ன பூபதி சார்? நானா? சர்வர் முன்னாலயே உக்காந்து, டெல்சி சொன்னத அப்படியே பண்ணீங்க, டெல்சி தப்பாச் சொல்லி நிறுத்திட்டாளா? இந்தத் தடவையும் நானேதானா!

அசோக்குமார் சார், நான் மறுத்துப் பேசல. உங்க லாரிய எல்லாம் நான் அனுப்பி வெக்கறேன், கவலப்படாதீங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு உதவி. சர்வர் ரூம் உங்க கேபினுக்கு எதுத்தாப்லதான? எந்திரிச்சுப் போய் கதவத் தட்டுங்க... தொந்தரவெல்லாம் இல்ல சார். தட்டி, அவர வெளிய வரச் சொல்லுங்க. வந்தாருன்னா தப்பு என்னோடதுதான். நானே கேட்ல வந்து நிக்கறேன், பைய மறுபடி கொட்டிப் பாருங்க... பூபதி சார், குறுக்க பேசாதீங்க, எம்.டி. நடந்து போயிட்டிருக்காரு...

தட்டுனீங்களா சார்?... பதில் இல்லயா?... பலமாத் தட்டுங்க... பேரச் சொல்லிக் கூப்பிடுங்க... பூபதி சார், எம்.டி. வாசல்ல நின்னு கூப்பிடுறாருல்ல, தாப்பாளத் தொறங்களேன்... பூபதி சார்?... ஹலோ?... ஹலோ?

வெச்சுட்டான்.